டி.எஸ்.ஹெச். ஏறியிருக்கிறது, தைராய்டு கம்மியாம்!

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 52. எந்நேரமும் அசதி, மலச்சிக்கல், சித்திரை வெயிலிலும் போர்வையைத் தேடுகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 18, டி4 குறைவு. 'தைராய்டு கம்மியா இருக்கு' என்று டாக்டர் மாத்திரை எழுதினார். 18 வரை ஏறியிருப்பது எப்படிக் கம்மியாகும்? டி.எஸ்.ஹெச். தலைக்குள்ளிருந்து வருவதாம், ஸ்கேன் எடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எடுக்கணுமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம், நான் சொன்னதாகவே அந்த அக்காவிடம் சொல்லிவிடுங்கள். அந்த 18 தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4-இன் அளவே இல்லை. தைராய்டைச் சுரக்கச் சொல்லி பிட்யூட்டரி அனுப்புகிற ஹார்மோனின் அளவு. மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால் ஓர் எலும்புக் குழிக்குள் இருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பி அது. ரத்தத்தில் டி4 குறைந்தால் அதுவும் அதற்கு மேலே இருக்கிற ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியும் சேர்ந்து டி.எஸ்.ஹெச்.சைக் கூட்டும், டி4 போதுமான அளவுக்கு வந்ததும் குறைத்துக்கொள்ளும். உங்கள் ஊர்ப்பக்கக் கணக்கில் சொன்னால், கன்னடியன் கால்வாய்க் கடைமடையில் பயிர் வாடும்போதுதானே தண்ணீர் கேட்டு மனு மேல் மனு போகும், மனு குவிவதைப் பார்த்துத் தண்ணீர் பெருகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? ஆக அம்மாவின் பிட்யூட்டரி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. கோளாறு கழுத்தில்.

பிட்யூட்டரியே பழுதானால் ரிப்போர்ட் வேறு மாதிரி வரும். டி4 குறைந்திருக்கும், டி.எஸ்.ஹெச். மட்டும் ஏறாமல் குறைவாகவோ, பார்வைக்கு நார்மலாகவோ இருக்கும். டி.எஸ்.ஹெச். மட்டும் பார்க்கிற பேக்கேஜ் டெஸ்ட்டில் இது தப்பிவிடும், அதனால்தான் எனக்கு அவற்றின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. அசதி என்று வரும் பெண்ணிடம், பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதா, அப்புறம் தாய்ப்பால் சுரந்ததா, மாதவிலக்கு திரும்பியதா என்று கேட்க வேண்டும். கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெருத்திருக்கும், அந்த நேரத்தில் அதற்கு ரத்த ஓட்டம் போதாமல் போனால் திசு செத்துவிடும், அசதி வெளியே தெரிய சில சமயம் பல வருடம் ஆகும். இவர்களுக்கு, கார்ட்டிசால் ஹார்மோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிற ஏ.சி.டி.ஹெச். என்ற பிட்யூட்டரி ஹார்மோனும் குறைந்திருக்கலாம். அப்போது கார்ட்டிசாலைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரையை முதலில் கொடுப்பது ஆபத்து. ஸ்கேன் இவர்களுக்குத்தான் தேவை, இல்லையென்றால் பக்கவாட்டுப் பார்வை மங்குகிறவர்களுக்கு. பிட்யூட்டரியில் கட்டி வளர்ந்தால் மேலே போகும் பார்வை நரம்பை அழுத்தும்.

கேள்வி: தைராய்டு மாத்திரை தொடங்கிப் பத்து நாளில் டெஸ்ட் எடுத்தேன், டி.எஸ்.ஹெச். பெரிதாக இறங்கவில்லை. நானே டோஸைக் கூட்டிக்கொள்ளலாமா?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: கூடாது. மாத்திரை ரத்தத்தில் நிலைப்படவும், அதைப் பார்த்து பிட்யூட்டரி அடங்கவும் சுமார் 6 வாரம் ஆகும், அதற்கு முன் எடுக்கிற டெஸ்ட் காசுக்குக் கேடு. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள், காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளி. 6 வாரத்துக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் டோஸை உங்கள் டாக்டர் மாற்றட்டும்.