140 அக்கவுண்ட், ஒரே ரிப்போர்ட்: பாதியில் நிற்பது ஏன்?

கேள்வி: விளம்பர ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கூகுளின் விளம்பரத் தளமான கூகுள் ஆட்ஸில் ஒரே மேனேஜர் அக்கவுண்ட்டின் கீழ் 140 வாடிக்கையாளர் அக்கவுண்ட்கள் இருக்கின்றன. தினமும் காலை 6 மணிக்கு எல்லாவற்றுக்கும் கீவேர்டு (விளம்பரம் தோன்றுவதற்காகத் தேர்ந்தெடுத்த தேடல் சொல்) வாரியாக 30 நாள் ரிப்போர்ட் எடுத்து ஷீட்டில் கொட்டும்படி ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு புரோகிராம்) போட்டிருக்கிறேன். பாதியில் நின்றுவிடுகிறது. முழுதாக ஓடிய நாளிலும் கூட்டுத்தொகை, கூகுள் ஆட்ஸ் திரையில் காட்டுவதோடு ஒத்துப்போவதில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் எவ்வளவு கேட்கிறீர்கள் என்று பார்த்துவிடுவோம். ஒரு அக்கவுண்ட்டில் 2,000 கீவேர்டு என்று வையுங்கள். மொபைல், கம்ப்யூட்டர், டேப்லெட் என மூன்றாகப் பிரித்து 30 நாளுக்கு நாள்வாரியாகக் கேட்டால் அதிகபட்சம் 1,80,000 வரிகள். 140 அக்கவுண்ட்டுக்கு 2 கோடியே 52 லட்சம். இம்ப்ரெஷன் (விளம்பரம் ஒருவர் திரையில் தோன்றுவது) விழாத நாட்களுக்கு வரி வராது என்பதால் நிஜத்தில் நிறையவே குறையும். ஆனாலும் எக்ஸெல் ஷீட் ஒன்று 10,48,576 வரிக்கு மேல் தாங்காது. கூகுள் ஷீட்ஸ் ஒரு கோடி செல்லோடு நின்றுவிடும். ஷீட்டை விட்டுவிடுங்கள். பிக்குவெரியோ போஸ்ட்கிரெஸோ, ஏதாவது ஒரு டேட்டாபேஸில் சேமியுங்கள். ஷீட்டுக்குத் தொகுத்த எண்கள் மட்டும் போகட்டும்.

ஸ்கிரிப்ட் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம்தான். கூகுள் ஆட்ஸ் ஸ்கிரிப்ட் 30 நிமிடத்தில் நிறுத்தப்படும். ஒவ்வொரு அக்கவுண்ட்டாக வரிசையில் போனால் 140 முடியாது. ஒரே நேரத்தில் பல அக்கவுண்ட்களை ஓட்டும் வசதி இருக்கிறது, ஆனால் ஒரு முறைக்கு 50 வரைதான். இப்போதைக்கு அக்கவுண்ட்களுக்கு லேபிள் போட்டு மூன்று குழுவாக்கி, மூன்று வேறு நேரங்களில் ஓட விடுங்கள். நிலையான வழி என்று கேட்டால், இந்த அளவுக்கு ஏபிஐதான் (உங்கள் புரோகிராம் கூகுள் ஆட்ஸிடம் நேரடியாக டேட்டா கேட்கும் வழி) சரி.

ஏபிஐயில் ஒரு கேள்வி ஒரு அக்கவுண்ட்டுக்குத்தான். மேனேஜர் அக்கவுண்ட்டிடமே கிளிக், செலவு எல்லாம் கேட்டால் பிழைதான் வரும். அதனால் முதலில் அதன் கீழே உள்ள அக்கவுண்ட் பட்டியலை எடுத்து, மூடிய அக்கவுண்ட்களையும் உள்ளே இருக்கும் துணை மேனேஜர்களையும் கழித்துவிட்டு, மீதிக்கு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஏபிஐக்கு கூகுள் தரும் பேசிக் அனுமதியில் ஒரு நாளைக்கு 15,000 ஆபரேஷன்; ஒரு கேள்வி ஒரு ஆபரேஷன். ஐந்து வகை ரிப்போர்ட் என்றால் 140 × 5 = 700; தாராளம். ஆனால் 30 நாளையும் தனித்தனியாகக் கேட்டால் 21,000 ஆகிவிடும். தேதி வரம்பு கொடுத்து ஒரே கேள்வியாகக் கேளுங்கள். அதை ஸ்ட்ரீமாக (பக்கம் பக்கமாக இல்லாமல் ஒரே தொடர்ச்சியாக) வாங்கினால் எத்தனை லட்சம் வரி வந்தாலும் ஒரே ஆபரேஷன்தான்.

எண் ஒத்துப்போகாததற்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் நின்றுபோன ரிப்போர்ட் கண்ணுக்குத் தெரியும், தப்பான ரிப்போர்ட் தெரியாது.

கன்வர்ஷன் (கிளிக் செய்தவர் பொருளை வாங்குவது போன்ற செயல்), அது நடந்த நாளில் அல்ல, கிளிக் விழுந்த நாளில் பதிவாகிறது. 3ஆம் தேதி கிளிக் செய்தவர் 20ஆம் தேதி வாங்கினால், 3ஆம் தேதியின் எண் அப்போது மாறும். இந்த இடைவெளி வழக்கமாக 30 நாள், 90 வரை வைக்கலாம். ஆகவே நேற்றைய வரிகளை மட்டும் அடியில் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். தினமும் கடைசி 30 நாளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். இடைவெளியைக் கூட்டி வைத்திருக்கும் அக்கவுண்ட்டுக்கு அதற்கேற்ப.

அடுத்தது நேரம். தேதி என்பது அந்தந்த அக்கவுண்ட்டின் டைம் ஸோன்படி. லாஸ் ஏஞ்சலிஸ் நேரத்தில் ஒரு அக்கவுண்ட் இருந்தால், 10ஆம் தேதி இந்திய நேரம் காலை 6 மணிக்கு அங்கே இன்னும் 9ஆம் தேதி மாலைதான். நீங்கள் எடுக்கும் 9ஆம் தேதி அரைகுறை. அவர்களுக்குப் பிற்பகல் 2 மணிக்குத் தனியாக ஓட்டுங்கள். கரன்சியும் அக்கவுண்ட்டுக்கு அக்கவுண்ட் மாறும். ரூபாயையும் டாலரையும் அப்படியே கூட்டிவிடாதீர்கள். ஏபிஐ செலவை மைக்ரோவில் (கரன்சியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தருவதால் 437,50,00,000 என்று வந்தால் அது 4,375 ரூபாய். பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். சிடிஆருக்கு (இம்ப்ரெஷனில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது என்ற எண்) அக்கவுண்ட்களின் சதவீதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. மொத்தக் கிளிக்கை மொத்த இம்ப்ரெஷனால் வகுங்கள்.

இன்னொன்று, நானே பட்டது. ஒரு மாத ரிப்போர்ட்டில் நான்கு அக்கவுண்ட்கள் பிழையாகி விடுபட்டிருந்தன. என் புரோகிராம் அதைத் தாண்டிப் போய்க் கூட்டுத்தொகையைக் கொடுத்துவிட்டது; நான் அதை வாடிக்கையாளருக்கு அனுப்பியும் விட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் ஒரு வரி எழுதும் தனி டேபிள் வைத்திருக்கிறேன்: எப்போது ஓடியது, எத்தனை வரி வந்தது, என்ன பிழை. அளவுக்கு மேல் கேட்டதாக வரம்பு மீறிய பிழை வந்தால் சில விநாடி பொறுத்து, அப்புறம் இரண்டு மடங்கு பொறுத்து, திரும்பக் கேட்கும். அப்படியும் வராவிட்டால் அந்த ஒரு அக்கவுண்ட்டை மட்டும் மறுபடி ஓட்டுவேன், மற்ற 139ஐத் தொடுவதில்லை. ரிப்போர்ட்டின் தலையில் ‘140இல் 138 வந்துள்ளது’ என்று அச்சாகும். 140 ஆகும் வரை அதை யாருக்கும் அனுப்புவதில்லை.