சிம்னியின் உள்ளே பார்த்தீர்களா?

பழைய வீடு: வாசகர் கேள்வி பதில்

குளிர் தொடங்கியதும் சிம்னி பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதற்கே முழு இடத்தையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பங்களாவுக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும். மூன்று கணப்பு, இரண்டு சிம்னி. இருபது வருடமாக யாரும் தீ மூட்டவில்லை. இப்போது விருந்தினர் தங்கும் வீடாக மாற்றப் போகிறோம். வருகிறவர்கள் கணப்பு எரியுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கூரைக்கு மேலே செங்கல் பொரிந்து விழுகிறது, மாடி அறைச் சுவரில் மஞ்சள் கறை. வெளியே சிமெண்ட் பூசி மூடிவிட்டால் போதும் என்கிறார் கொத்தனார். செய்யலாமா? (குன்னூர் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. சிமெண்டும் பூச வேண்டாம், உள்ளே பார்க்கும் வரை தீயும் மூட்ட வேண்டாம்.

உங்கள் சிம்னிக்குள் குழாய் எதுவும் இருக்க வாய்ப்பில்லை. செங்கல் வரிசை ஏற ஏற உள்பக்கத்தில் சுண்ணாம்பும் மாட்டுச் சாணமும் கலந்து ஒரு பூச்சு கொடுப்பார்கள், அதுதான் அந்தக் காலத்து வழக்கம். இங்கிலாந்திலேயே புது வீட்டுச் சிம்னிக்கு லைனர், அதாவது புகை போகும் உள்குழாய், கட்டாயம் என்ற விதி 1965இன் கட்டட விதிகளோடுதான் வந்தது. சாணத்தில் இருக்கும் நார் பூச்சை வெடிக்காமல் பிடித்து வைக்கும், நல்ல வேலைதான். ஆனால் பல பத்தாண்டுகள் புகையில் இருக்கும் அமிலமும் மேலிருந்து இறங்கும் மழைநீரும் சேர்ந்து அதை அரித்துவிடும். பூச்சு உதிர்ந்ததும் செங்கற்களுக்கு நடுவே இருக்கும் சாந்து உதிரும், அப்புறம் ஓட்டை. அந்த ஓட்டை கூரைக்குக் கீழே, மர உத்தரம் ஒட்டி நிற்கும் இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படுக்கையறைப் பக்கம் இருந்தால் வருவது நெருப்பல்ல, கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

முதலில் குப்பையையும் பறவைக் கூட்டையும் எடுத்து, ஒட்டடையைச் சுத்தமாகத் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு சாக்கடைக் குழாயில் அடைப்பு பார்க்க விடுவார்களே, கம்பியில் கட்டிய கேமரா, அதையே மேலிருந்து இறக்கிப் பாருங்கள். கடைசியாகப் புகைச் சோதனை. கணப்பில் புகை உண்டாக்கி, அது மேலே ஏறியதும் சிம்னி வாயை மூடிவிட்டு, வீட்டில் ஒவ்வொரு அறைக்கும், கூரைக்கு அடியிலும் ஆள் நின்று எங்கே புகை கசிகிறது என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தூங்கக் கூடாது, குழந்தைகள் வெளியே இருக்கட்டும். கசிகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்துவையுங்கள்.

இப்போது சிமெண்டுக்கு வருகிறேன். உங்கள் கொத்தனாரைக் குறை சொல்லவில்லை, இருபது வருடத்துக்கு முன் நானே கோத்தகிரிப் பக்கம் ஒரு சிம்னிக்கு அப்படிப் பூச ஒப்புக்கொண்டேன். மூன்றாவது மழைக்குப் பிறகு போய்த் தட்டிப் பார்த்தால் டம் டம் என்று வெற்றுச் சத்தம். கையால் பிடித்து இழுத்ததும் பூச்சு பலகை மாதிரி கழன்றது, கூடவே செங்கல்லின் முகமும் வந்துவிட்டது. உள்ளே இருந்தது நனைந்த செம்பொடி. அன்று அந்த வீட்டுக்காரம்மா எதுவும் பேசாமல் அந்தப் பொடியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் மறக்கவில்லை.

காரணம் எளிது. பழைய சூளைச் செங்கல் மெத்து, அதைக் கட்டிய சுண்ணாம்புச் சாந்து அதைவிட மெத்து. மழையில் நனைந்தாலும் ஈரம் அந்தச் சாந்து வழியாக வெளியேறிவிடும், அரிப்பும் சாந்தில்தான் நடக்கும், சாந்தைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். மேலே சிமெண்டைப் போட்டால் மெல்லிய வெடிப்புகள் வழியாக நீர் உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. புகையிலிருந்து செங்கல் உறிஞ்சிய உப்புகள் அந்த ஈரத்தில் கரைந்து, காயும்போது செங்கல்லின் தோலுக்கு அடியிலேயே படிகமாகி அதைத் தள்ளிவிடும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் அடுத்த மழை என்று நனைந்துகொண்டே இருக்கும் ஊரில் இது வேகமாக நடக்கும். உங்கள் மாடிச் சுவரின் மஞ்சள் கறையும் இதே உறவுதான், கரியும் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து வெளியே வருகின்றன. பெயிண்ட் அடித்தால் மறுபடி வரும்.

ஆகவே கூரைக்கு மேலே உள்ள பகுதியைப் படம் எடுத்து, அளவு குறித்து, செங்கல் கெட்டியாக இருக்கும் வரிசை வரை கையால் பிரியுங்கள். சுண்ணாம்பில் கட்டியது என்பதால் நல்ல செங்கல் முழுசாக வரும், அதையே திரும்பப் பயன்படுத்தலாம். சாந்துக்கு சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. மழை அடிக்கும் இடம் என்பதால் மணலில் கொஞ்சத்தைக் குறைத்து நன்றாக வெந்த செங்கல் தூளை, அதாவது சுர்க்கியை, சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். கடுக்காயும் வெல்லமும் வெளிப்பூச்சுக்குச் சேர்ப்பதென்றால் சேருங்கள், தீ படும் இடத்தில் வேண்டாம், கருகித்தான் போகும். கணப்பின் பின்சுவருக்குத் தீச்செங்கல்லும் அதற்கான களிமண் சாந்தும்தான் சரி. மழையில் இந்த வேலையைத் தொடவே கூடாது, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடியுங்கள். ஈரச் சாக்குப் போட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு இறுகுகிற பொருள், அவசரப்படுத்த முடியாது. சில வாரம் கழித்துச் சின்னச் சின்னத் தீயாக மூட்டிப் பழக்குங்கள்.

உயரத்தைக் குறைத்துக் கட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எந்தக் கூரை மேட்டையும்விட 2 அடி அதிகம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றும் கணக்கு, நமக்கும் பொருந்தும். குறைத்தால் காற்று புகையைத் திருப்பி அறைக்குள் தள்ளும்.

சரி, லைனர். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். திறந்த கணப்புக்குப் புகைவழியின் பரப்பு கணப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும், வட்டக் குழாயென்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. உங்கள் கணப்பு வாய் 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். 1,080 சதுர அங்குலம். வட்டக் குழாய்க்கு 90 சதுர அங்குலம் வேண்டும், விட்டம் கிட்டத்தட்ட 11 அங்குலம். பழைய புகைவழி பெரும்பாலும் 9க்கு 14 அங்குலம்தான், அதில் 11 அங்குலக் குழாய் இறங்காது. இறங்குகிற 8 அங்குலக் குழாயைப் போட்டால் 50 சதுர அங்குலம்தான் கிடைக்கும், புகை அறைக்குள் வரும், விருந்தினர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அதனால் இரண்டு வழி. கணப்பு வாயைச் சிறிதாக்குவது ஒன்று. 1796இல் ரம்ஃபோர்ட் பிரபு இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார், ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை ஏறும் கழுத்தை 4 அங்குலமாக ஒடுக்கினால் புகை குறையும், அறைக்குச் சூடும் அதிகம் வரும் என்று. இன்றும் அது வேலை செய்கிறது. மற்றது, கணப்புக்குள் கதவு வைத்த இரும்பு அடுப்பை வைத்துவிடுவது. அதற்கு 6 அங்குல எஃகு லைனரே போதும், விறகும் பாதிதான் செலவாகும். விருந்தினர் புழங்கும் வீடு என்பதால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எஃகு 316 தரமாக இருக்கட்டும். 304 விலை குறைவு, ஆனால் புகை அமிலத்தை அது அவ்வளவு தாங்காது. எல்லாக் கடையிலும் கிடைக்கிற பொருளல்ல, வரவழைக்க வேண்டியிருக்கும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். மூன்று கணப்பையும் ஒரே வருடத்தில் எரியவைக்க வேண்டியதில்லை. கூடத்தில் ஒன்றை ஒழுங்காகச் செய்யுங்கள்.

கேள்வி: அப்படியானால் பயன்படுத்தாத சிம்னியைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாமா? (ஊட்டி வாசகர்)

பதில்: முழுசாக அடைக்காதீர்கள். மேலே மழை இறங்காத, காற்று போகிற தொப்பி, கீழே கணப்பு வாயை மூடினால் அதில் ஒரு காற்றுச் சல்லடை. இரண்டும் இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தங்கி, அறைச் சுவரெல்லாம் கறையாகும். கண்ணி சின்னதாக உள்ள வலை போட்டால் மைனாவும் தேனீயும் வராது.

கேள்வி: லண்டனின் ஹாரோ பகுதியில் விக்டோரியா காலத்து வரிசை வீடு வாங்கியிருக்கிறோம். நாங்கள் தீ மூட்டுவதே இல்லை, ஆனால் பக்கத்து வீட்டில் மூட்டினால் எங்கள் மாடி அறையில் புகை வாசனை வருகிறது. கணப்புச் சுவரையே இடித்து எடுத்துவிட்டால் இடமும் கிடைக்குமே என்கிறார் என் கணவர். (ஹாரோ வாசகி)

பதில்: இன்று இரவே அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள், மற்றதை நாளைக்குப் பேசலாம். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள், சோதனை முடியும் வரை அவர்கள் தீ மூட்டாமல் இருப்பது நல்லது.

வரிசை வீடுகளில் ஒரே சிம்னிக்குள் ஒவ்வொரு கணப்புக்கும் தனித்தனிப் புகைவழி போகும். நடுவில் இருப்பது அரைச் செங்கல் தடுப்புதான், நாலரை அங்குலம். நூற்றிருபது வருடத்தில் அதில் சாந்து உதிர்ந்து, ஒன்றிரண்டு கல்லே விழுந்து, அவர்கள் புகை உங்கள் வழிக்குள் நுழைகிறது. வாசனை வருகிறதென்றால் வாசனையில்லாததும் வருகிறது. இதைச் சரிசெய்ய, எரிகிற வழிக்குள், அதாவது அவர்கள் பக்கத்தில், லைனர் இறக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டாக, நடுவில் இணைப்பே இல்லாமல். விறகு மட்டும் என்றால் 316 போதும், புகையில்லா எரிகட்டிகளும் எரிப்பார்கள் என்றால் 904 தரம். ஹெட்டாஸ் (விறகு, கரி அடுப்புகளைப் பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் உங்கள் நாட்டு அமைப்பு) பதிவு பெற்றவரைக் கொண்டே செய்யச் சொல்லுங்கள்.

சுவரை இடிப்பது பற்றி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், கீழே இருக்கும் அந்தச் சுவர்தான் கூரைக்கு மேல் நிற்கும் பல டன் செங்கல்லைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு மேல்பகுதியை அந்தரத்தில் விட்டுப்போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த அறைக்குள் நிற்கவே மனம் வராது. கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு, உள்ளாட்சியின் ஒப்புதல், 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி பக்கத்து வீட்டுக்கு முன்கூட்டியே அறிவிப்பு, எல்லாம் வேண்டும். இடம் முக்கியம்தான், ஆனால் நான் அந்தச் சுவரை விட்டுவிடுவேன்.

கேள்வி: டொராண்டோவில் 1920 வாக்கில் கட்டிய செங்கல் வீடு. போன வருடம் பழைய சூடேற்றியை எடுத்துவிட்டு அதிகத் திறன் கொண்ட புதியது வைத்தோம். அதிலிருந்து அடித்தளத்தில் சிம்னிச் சுவர் ஈரமாகி வெள்ளைப் பொடி பூக்கிறது. (டொராண்டோ வாசகர்)

பதில்: புதிய சூடேற்றியின் புகை பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சுவரைத் துளைத்து வெளியே போயிருக்கும், சரிதானே? அப்படியென்றால் அந்தப் பெரிய சிம்னிக்குள் இன்னும் புகை விடுவது எரிவாயுவில் எரியும் வெந்நீர்க் கலம் மட்டும். எரிவாயு எரிந்தால் நிறைய நீராவி வரும். முன்பு பழைய சூடேற்றியின் வெப்பம் அதை மேலே கொண்டுபோனது. இப்போது அந்தச் சின்னச் சூடு அவ்வளவு பெரிய குளிர்ந்த குழியை நிரப்ப முடியாமல், நீராவி பாதி வழியிலேயே தண்ணீராகிச் செங்கல்லில் இறங்குகிறது. குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்தால் மேலே செங்கல் வெடிக்கத் தொடங்கும். வெந்நீர்க் கலத்தின் அளவுக்கு ஏற்ற சின்ன லைனர் ஒன்று இறக்கினால் தீர்ந்தது. புகை சரியாக இழுக்காவிட்டால் வாயு அடித்தளத்துக்குள்ளேயே திரும்பும், அதனால் பனி வரும்வரை காத்திருக்காமல் உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரை இந்த வாரமே கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கற்பூர மரமும் சீகை மரமும் நிறைய இருக்கின்றன. வெட்டியதும் கணப்பில் எரிக்கலாமா? சிம்னிக்குள் தீப்பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: மரம் எதுவானாலும் பச்சையாக எரிக்காதீர்கள். பிளந்து, மழை படாமல், காற்று நுழைய அடுக்கி, குறைந்தது ஒரு வருடம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். அதை அளக்கும் சின்னக் கருவி விலைக்குக் கிடைக்கிறது. இரண்டு கட்டையைத் தட்டிப் பார்த்தாலும் ஓரளவு தெரியும், காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், பச்சை மந்தமாகச் சத்தம் தரும். பச்சை விறகின் வெப்பம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும், குளிர்ந்த புகை சிம்னிச் சுவரில் தார் மாதிரிப் படியும். கிரியோசோட் என்பார்கள். படிந்து தடித்த அந்தத் தாரில் ஒருநாள் பொறி பட்டால் சிம்னியே எரியும். ரயில் போகிற மாதிரி இரைச்சல் வரும், உள்ளே வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம்.

அப்படி நடந்தால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 101க்கு அழையுங்கள். அடுப்புக்குக் கதவு இருந்தால் கதவையும் காற்றுத் துளைகளையும் மூடுங்கள். சிம்னிக்குள் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதிக்கும் செங்கல் திடீரெனக் குளிர்ந்து வெடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை, குளிருக்கு முன், சிம்னியைத் துடைத்துவிட்டால் இந்த நிலை வராது. கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விடுங்கள். மலை ஊர்களில் அப்படிப் போன உயிர்களின் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒருமுறை தீப்பிடித்த சிம்னி, தீ தானாகவே அணைந்திருந்தாலும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாவிட்டாலும், கேமரா விட்டுப் பார்க்கும் வரை அதில் அடுத்த தீயை மூட்டாதீர்கள்.