வீட்டுப்பாடம் அதிகம் செய்தால் மதிப்பெண் கூடுமா?

நான்காம் வகுப்பு படிக்கும் மகனுக்குப் பள்ளியில் அரைமணி நேர வேலைதான் தருகிறார்கள், வேறு பள்ளியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் தினமும் இரண்டு மணி நேரம் எழுதுகிறான், இவன் பின்தங்கிவிடுவானோ என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டான். பள்ளியை மாற்றலாமா என்ற யோசனை உங்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். இந்த ஒரு காரணத்துக்காக அதைச் செய்யாதீர்கள்.

நான் கணக்கு ஆசிரியை. 16 வருடங்களாக 6, 7, 8ஆம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வீட்டுப்பாடமே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். இன்றைக்கும் கொடுக்கிறேன், செய்யாமல் வந்தால் ஏன் என்று கேட்கவும் செய்கிறேன். இதைப் படித்துவிட்டு "ஆசிரியர்களே இப்படிப் பேசினால் பிள்ளைகள் எப்படி உருப்படும்" என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஏழெட்டு வருடம் தினமும் 30 கணக்கு கொடுத்துக்கொண்டிருந்தேன். போடப் போடத்தான் கணக்கு வரும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஒரு வகுப்பில் 40 பேர், நான்கு வகுப்பு, ஆக 160 நோட்டு. ஒரு நோட்டுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலே இரண்டு மணி 40 நிமிடம் ஓடிவிடும். ஒரு நிமிடத்தில் 30 கணக்கை எந்த மனிதராலும் படிக்க முடியாது. பக்கம் நிரம்பியிருக்கிறதா, கடைசிக் கணக்கு வரை வந்திருக்கிறதா என்று பார்ப்பேன், குறுக்காக ஒரு பெரிய ரைட், கீழே கையெழுத்து, தேதி, அடுத்த நோட்டு.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஒருநாள்கூட வீட்டுப்பாடம் இல்லாமல் வந்ததில்லை. பென்சிலில் ஓரக்கோடு, விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக்கோடு, அடித்தல் திருத்தல் இருக்காது. அவன் நோட்டை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். அடைப்புக்குறிக் கணக்குகளில் டெஸ்ட் வைத்தபோது 25க்கு 4 வாங்கினான். படிக்காமல் வந்துவிட்டாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். இடைவேளையில் விடைத்தாளையும் வீட்டுப்பாட நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்து, மேசைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"டீச்சர், இங்கயும் அதே மாதிரிதான் போட்டேன். இதுக்கு ரைட் போட்டிருக்கீங்க. எது சரி டீச்சர்?"

20 − (8 − 3) என்ற கணக்கில் அடைப்பை மட்டும் எடுத்துவிட்டு 20 − 8 − 3 = 9 என்று எழுதியிருந்தான். 15 வரவேண்டும். முன்னால் கழித்தல் இருந்தால் அடைப்பை நீக்கும்போது உள்ளே இருக்கும் குறியும் மாறும் என்பது அவனுக்குப் பிடிபடவே இல்லை. பிடிபடாமலேயே 30 கணக்கையும் அதே தவறோடு அத்தனை அழகாகப் போட்டிருக்கிறான், அடுத்த நாள் இன்னொரு 30. அன்றைக்கு சாயங்காலம் அவன் நோட்டை வாங்கி எண்ணிப் பார்த்தேன். 11 பக்கம், எல்லாவற்றிலும் என் சிவப்பு ரைட். தவறை அவன் பழகுவதற்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் எல்லோர் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்தே கணக்குதான். இரண்டு அன்றைய பாடத்திலிருந்து, இரண்டு போன வாரத்தில் நடத்தியது, ஒன்று போன மாதத்தில் நடத்தியது. மறுநாள் வகுப்பு தொடங்கும்போது நோட்டை மூடச்சொல்லி, அந்த ஐந்தில் ஒன்றை எண்களை மட்டும் மாற்றித் துண்டுத்தாளில் போடச்சொல்வேன். யாருக்குப் புரியவில்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காப்பியடித்தவர்களும் தெரிந்துவிடுவார்கள், அவர்களைத் திட்டுவதில்லை, அந்தக் கணக்கை மறுபடி சொல்லித் தருகிறேன்.

இப்படி மாற்றியதும் பெற்றோர் சிலர் மேலிடத்தில் புகார் செய்தார்கள், இந்த டீச்சர் சோம்பேறி, ஐந்து கணக்கோடு முடித்துக்கொள்கிறார் என்று. பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் ஆராய்ச்சிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் குழுவினர், 1987 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். 7 முதல் 12 வரையிலான வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்குச் செலவிடும் நேரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் ஓரளவு தொடர்பு இருக்கிறது, தொடர்பெண் சுமார் 0.25 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). சிறிய வகுப்புகளில் கிட்டத்தட்ட பூஜ்யம். உங்கள் மகன் நான்காவது என்பதால்தான் எடுத்த எடுப்பிலேயே மாட்டான் என்று சொன்னேன். கூப்பரும் வீட்டுப்பாடத்துக்கு எதிரி அல்லர். ஒரு வகுப்புக்குப் பத்து நிமிடம், அதாவது நான்காவதுக்கு 40 நிமிடம் போதும் என்கிற கணக்கை ஏற்றுக்கொள்கிறவர். உங்கள் பள்ளி தருகிற அரைமணி நேரம் அதற்குள்தான் இருக்கிறது.

அந்த 0.25ஐ வைத்துக்கொண்டு பெரிய வகுப்பில் நேரத்தைக் கூட்டினால் மதிப்பெண் கூடும் என்று முடிவு கட்டவும் முடியாது. ஆர்வமாகப் படிக்கிற பிள்ளை இயல்பாகவே அதிக நேரம் உட்காரும். இன்னொரு பக்கம், புரியாத பிள்ளைக்கு அதே ஐந்து கணக்கை முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். மணி நேரத்தை மட்டும் எண்ணினால் இருவரும் ஒன்றாகத் தெரிவார்கள்.

பின்லாந்தில் வீட்டுப்பாடமே கிடையாது என்று கட்டாயம் ஒருவர் கீழே வந்து எழுதுவார். இருக்கிறது. பல நாட்டு மாணவர்களுக்குப் பொதுவாக நடத்தப்படும் பீசா (PISA) தேர்வோடு சேர்ந்த 2012 ஆய்வில் 15 வயது மாணவர்களிடம் கேட்டபோது அங்கே வாரத்துக்கு 3 மணி நேரத்தை ஒட்டித்தான் வந்தது, கொரியாவிலும் அப்படித்தான். ஷாங்காயில் சுமார் 14 மணி நேரம். மூன்று இடங்களுமே அந்தத் தேர்வில் நல்ல இடத்தில்தான் இருந்தன. அதே ஆய்வில் என்னை உறுத்தியது வேறு. வசதியான வீட்டுப் பிள்ளைகள் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளைவிட வாரத்துக்கு சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக வீட்டுப்பாடம் செய்கிறார்கள். உட்கார ஓர் இடமும், சந்தேகம் கேட்க ஓர் ஆளும் எல்லா வீட்டிலும் இருந்துவிடாது. நான் கொடுத்த 30 கணக்கு எந்த வீட்டுக்குப் போகிறது என்று அந்த ஏழெட்டு வருடமும் நான் யோசித்ததே இல்லை.

    

என் மகளே மூன்றாவது படிக்கும்போது ஏழாம் வாய்ப்பாட்டைப் பத்து தடவை எழுதிவரச் சொன்னார்கள். இரவு ஒன்பதரைக்கு எட்டிப் பார்த்தேன். முதலில் 7, 7, 7 என்று மேலிருந்து கீழாக ஒரு வரிசை, அப்புறம் பெருக்கல் குறிகள் ஒரு வரிசை, அப்புறம் 1, 2, 3, அதற்குப் பிறகு சமக்குறிகள். விடைகளை முதல் பக்கத்தைப் பார்த்து எழுதினாள். "இப்படி எழுதினா சீக்கிரம் முடிஞ்சிடும்மா" என்றாள். பத்து பக்கம் முடிந்ததும் 7 × 8 எவ்வளவு என்று கேட்டேன், தெரியவில்லை. அவள்மேல் தப்பில்லை, எழுது என்றார்கள், எழுதினாள்.

உங்கள் மகன் இன்றைக்கு அரைமணி நேரத்தில் முடித்ததும் நோட்டை வாங்கி மூடி வைத்துக்கொண்டு, "இதில் ஒன்றை எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பார்க்காமல் சொல்லிவிட்டால் விளையாட அனுப்பிவிடுங்கள். தடுமாறினால் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று குறித்து ஆசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள், கூடுதல் வேலை கொடுங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையிலும், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. என் மகளுக்கு இதைத்தான் செய்தேன், தலைவாரும்போது ஒன்று, செருப்பு மாட்டும்போது ஒன்று என்று கேட்பேன். மூன்று வாரத்தில் ஏழாம் வாய்ப்பாடு வந்துவிட்டது. இப்போது ஆறாவது படிக்கிறாள். 7 × 8 கேட்டால் மட்டும் இன்னும் ஒரு நொடி நின்றுதான் சொல்வாள்.