தாத்தா இருக்கும்போதே அவர் பெயரா?

கேள்வி: உயிரோடு இருக்கும் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்தால் பெரியவரின் ஆயுள் குறைந்துவிடும் என்று யூதர்கள் பயப்படுகிறார்களாம். அதனால் செத்தவர்களின் பெயரை மட்டுமே வைப்பார்களாம். இத்தனை விஞ்ஞானிகளைத் தந்த இனத்துக்கு இப்படியொரு மூடநம்பிக்கையா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ‘யூதர்கள்’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லாதீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது ஜெர்மனி, போலந்து, ரஷ்யா பக்கத்து அஷ்கெனாசி யூதர்களின் வழக்கம். 1492-இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டு மொராக்கோ, துருக்கி, கிரேக்கம் என்று சிதறிய செபார்டி யூதர்கள் இதற்கு நேர்மாறு. தலைப்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் என்று வரிசையே உண்டு. அந்தத் தாத்தா இருந்து கேட்டால் இன்னும் மகிழ்ச்சி. அஷ்கெனாசிகளிலேயே ஹாலந்துக்காரர்கள் உயிரோடிருப்பவர் பெயரை வைத்துவந்தார்கள். யூதச் சட்ட விளக்க நூலான தால்முதில் இதற்குத் தடை எதுவும் கிடையாது.

பயம் இருந்தது உண்மை. ஒரே வீட்டில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மரண தூதன் ஆள் மாறாட்டம் செய்துவிடுவான் என்று நம்பியவர்கள் உண்டு. நோய் முற்றியவருக்கு ‘ஹயீம்’ என்று புதுப்பெயர் சேர்த்துக் காலனைத் திசைதிருப்பப் பார்ப்பதும் உண்டு. ‘உயிர்’ என்று பொருள். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லுங்கள், நான் வாதாட மாட்டேன். ஆனால் இறந்தவரின் பெயரைக் குழந்தைக்குச் சூட்டுவதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போதுதான் ஆண் குழந்தையின் எபிரேயப் பெயர் முதன்முறையாகச் சபையில் உரக்கச் சொல்லப்படுகிறது, ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்று. பெண் குழந்தைக்குப் பெரும்பாலும் தொழுகைக்கூடத்தில், தோரா என்னும் வேதநூலை வாசிக்கும் வேளையில். பெயருக்குரியவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று பெற்றோர் எழுந்து நாலு வார்த்தை பேசுவது இன்று பல வீடுகளில் நடக்கிறது. பின்னாளில் தோரா வாசிக்க அழைப்பதும் அந்தப் பெயரால்தான். திருமண ஒப்பந்தத்தில் எழுதுவதும் கல்லறையில் பொறிப்பதும் அதுவே.

இப்போது 1945-க்கு வாருங்கள். ஜெர்மனியில் நாஜிகளின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குப் பக்கத்திலேயே, யூதப் படுகொலையிலிருந்து உயிர்தப்பியவர்களுக்கான முகாம் ஒன்று 1950 வரை இயங்கியது. அங்கே 2,000-க்கும் மேற்பட்ட யூதக் குழந்தைகள் பிறந்தன. பெற்றவர்களில் பலருக்குத் தாயில்லை, தகப்பனில்லை, உடன்பிறந்தவர்கள் இல்லை. போய் அழ ஒரு கல்லறைகூட இல்லை. பிறக்கும் பிள்ளைகளைவிடப் பெயர் வேண்டி நின்ற இறந்தவர்கள் அதிகம். ஒரே குழந்தைக்கு இரண்டு பெயர் சேர்த்து வைத்தார்கள். பாட்டி ஹயா பெயரை வைக்க நினைத்து ஆண் பிள்ளை பிறந்தால், அதே வேர்ச்சொல்லிலிருந்து வந்த ஹயீம். அந்தத் தாயிடம் போய் மூடநம்பிக்கை என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா? எனக்கு வராது.

அமெரிக்காவில் முதலெழுத்து போதும் என்று ஆகிவிட்டது. தாத்தா மோஷே என்றால் பேரனின் அன்றாடப் பெயர் மேக்ஸ் அல்லது மைக்கேல். எபிரேயப் பெயர் மோஷேயாகவே இருந்தால் குறையில்லை. அதையும் விட்டுவிட்டு ஓர் எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை; அந்த எழுத்தில் தாத்தாவை எப்படித் தேடுவது?

உண்மையான சிக்கல், அஷ்கெனாசிப் பெண்ணும் செபார்டிப் பையனும் கல்யாணம் செய்துகொள்ளும்போது வருகிறது. பையனின் அப்பா தன் பெயருக்காகக் காத்திருப்பார். பெண்ணின் அம்மாவுக்கோ அதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். இரண்டும் வழக்கம்தான், எதுவும் சட்டமில்லை. ஆகவே பெயருக்குரிய பெரியவரிடமே போய்க் கேட்டுவிடுவதுதான் முறை. அவர் சம்மதித்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ளட்டும்.