பழைய ஹாலிவுட் படங்கள் வீட்டு டிவியில் ஏன் கோணலாகத் தெரிகின்றன?

கேள்வி: "1930-கள் முதல் 60-கள் வரையிலான ஹாலிவுட் படங்களைப் புது டிவியில் பார்த்தால் சிலவற்றில் முகம் உப்பிப்போய் இருக்கிறது. சிலவற்றில் பேசுகிற ஆளே திரையில் இல்லை. எல்லாமே சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. படங்களே அப்படித்தானா?"

இல்லை. பாதிக் குற்றம் உங்கள் டிவியுடையது. அதை ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். மீதிக் குற்றம் உங்கள் கைக்கு வந்த பிரதியுடையது. அது நடந்த கதை 1955-ல் தொடங்குகிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டிவி. பேசும்படம் வந்தபின் 1932-ல் ஹாலிவுட் படச் சட்டத்துக்கு (ஃப்ரேம்) ஓர் அளவை நிர்ணயித்தது: உயரம் 1 என்றால் அகலம் 1.37. இதை அகாடமி அளவு என்பார்கள். பழைய பெட்டி டிவியின் 4:3 வடிவமே சினிமாவைப் பார்த்து வைத்ததுதான். ஆகவே 1953-க்கு முந்தைய ஹாலிவுட் படம் இன்றைய 16:9 திரையில் நடுவே மட்டும் நிற்க வேண்டும், இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தாக வேண்டும். திரை அகலத்தில் சுமார் 77 சதவீதம்தான் படம். "காசு கொடுத்து வாங்கிய திரை வீணாகிறதே" என்று இழுத்து நிரப்பினால் ஒவ்வொருவரும் 30 சதவீதம் பருத்துவிடுவார்கள். சோதிப்பது எளிது. காட்சியில் சுவர்க் கடிகாரமோ கார் சக்கரமோ நேராகத் தெரியும்போது நிறுத்திப் பாருங்கள். அல்லது தொடக்கத்தில் வரும் யுனிவர்சல் நிறுவனத்தின் பூமி உருண்டையைப் பாருங்கள். உருண்டை பூசணிக்காய் ஆகியிருந்தால் இழுவை இருக்கிறது.

'ஸூம்' போட்டு நிரப்புவது அதைவிட மோசம். முகம் சரியாகத் தெரிவதால் பிழை கண்ணில் படாது. ஆனால் மேலும் கீழும் சேர்த்து உயரத்தில் கால்வாசி போய்விடும். ஃப்ரெட் அஸ்டேர் தன் நடனத்தை உச்சி முதல் பாதம் வரை முழு உருவமாகவே படமாக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். 'டாப் ஹாட்' (1935) படத்தை ஸூமில் பார்த்தால் போவது அவருடைய கால்கள்தான். அஸ்டேர் படத்தில் காலை வெட்டிவிட்டு என்னத்தைப் பார்ப்பது?

இந்த வடிவக் குழப்பம் தீராததற்குக் காரணம், அளவை மாற்றும் வசதி இரண்டு மூன்று இடத்தில் இருப்பது: செட்டாப் பாக்ஸ், பிளேயர், டிவி. ஒன்று இழுக்க, இன்னொன்று வெட்ட, விடை தாறுமாறாகும். முதலில் பாக்ஸிலும் பிளேயரிலும் 'ஒரிஜினல்' அல்லது 'பில்லர் பாக்ஸ்' வையுங்கள். பிறகு டிவியை 16:9-ல் நிறுத்தி இனி தொடாதீர்கள். அதோடு ஓவர்ஸ்கேனையும் அணைக்க வேண்டும். பெட்டி டிவி காலத்தில் படத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைக்கும் வழக்கம் இருந்தது, அந்தப் பழக்கம் தட்டை டிவியிலும் தொடர்கிறது. 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஃபிட் டு ஸ்கிரீன்', 'ஃபுல் பிக்சல்' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் அந்த அமைப்பு இருக்கும்.

சீரியல் போல வழுக்குவதற்குக் காரணம் வேறு. பேசும்படம் நொடிக்கு 24 சட்டங்கள். டிவி அவற்றுக்கு நடுவே தானே கற்பனையாகச் சட்டங்களை உருவாக்கிச் செருகுகிறது. எல்ஜியில் இதன் பெயர் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ். அணைத்துவிடுங்கள். முழுதாக அணைக்க முடியாவிட்டால் 'டீ-ஜடர்' என்ற அளவையாவது 0-க்குக் கொண்டுவாருங்கள். 2019-க்குப் பின் வந்த பல டிவிகளில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று ஒன்று உண்டு, அதைத் தேர்ந்தால் இந்த வேலை பெரும்பாலும் தானாக முடியும். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' கட்டாயம் அணைக்க வேண்டியது. ஃபிலிமில் மணல் போலத் துடிக்கும் பொடிகள் அழுக்கல்ல, படம் எழுதப்பட்டிருப்பதே அவற்றால்தான். அவற்றைத் துடைத்தால் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும். 'ஷார்ப்னஸ்' எவ்வளவு என்று தெரியாவிட்டால் பெயர்ப்பட்டியலின் எழுத்துகளைப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்தால், அது மறையும் வரை குறையுங்கள்.

இனி பிரதிகளின் குற்றம். தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்தபோது பெரிய ஸ்டூடியோக்கள் தங்கள் படங்களை அதற்குத் தர மறுத்தன. அணை உடைந்தது 1955-ல். ஹோவர்ட் ஹ்யூஸ் ஆர்கேஓ ஸ்டூடியோவை விற்றார், அதன் படங்கள் அதே ஆண்டில் தொலைக்காட்சிக்குக் கைமாறின. 1958-ல் பாரமவுண்ட் தன் 1948-க்கு முந்தைய படங்களை 5 கோடி டாலருக்கு எம்சிஏ என்ற நிறுவனத்திடம் விற்றது. ஏன் 1948? ஆகஸ்ட் 1948-க்குப் பின் எடுத்த படங்களை டிவிக்குக் கொடுத்தால் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் நின்றதால். 1960-ல் நடிகர் சங்கம் வேலைநிறுத்தமே செய்தது, தலைவர் ரொனால்ட் ரீகன். முடிவில் 1960 முதல் எடுக்கும் படங்களுக்குப் பங்கு கிடைத்தது. அதற்கு முந்தைய படங்களின் பங்கை விட்டுக்கொடுத்து, பதிலாக ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டார்கள். முப்பதுகளின் நட்சத்திரங்கள் பலர் தங்கள் படம் இரவுதோறும் ஓடுவதைக் காசு இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது இதனால்தான்.

அப்படிப் போன படங்கள் 35 மிமீ பிரதியாகப் போகவில்லை. உள்ளூர் நிலையங்களுக்கு 16 மிமீ பிரதிகள்தான் போயின. வாங்கியவர்கள் தொடக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையை வெட்டித் தங்கள் முத்திரையை ஒட்டினார்கள், ஆர்கேஓவின் வானொலிக் கோபுரம் இருந்த இடத்தில் அதன் படங்களை வாங்கிய 'சி அண்ட் சி' நிறுவனத்தின் பெயர் வந்தது அப்படித்தான். விளம்பரத்துக்கு இடம் வேண்டி நிலையங்கள் இஷ்டத்துக்குக் காட்சிகளையும் வெட்டின. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மங்கலான பிரதிகள் பலவற்றின் பூர்வீகம் இந்த 16 மிமீ.

அகலப் படங்களின் கதி இன்னும் பரிதாபம். செப்டம்பர் 1953-ல் 'த ரோப்' படத்துடன் ஃபாக்ஸ் சினிமாஸ்கோப்பை வெளியிட்டது, அகலம் 2.55. (நம் சுவரொட்டிகளில் 'ராஜராஜ சோழன்' 1973-ல் பெருமையாகப் போட்டுக்கொண்ட அதே சினிமாஸ்கோப்.) மக்களை டிவியிலிருந்து மீட்கத்தான் இந்த அகலம். எட்டே ஆண்டில், 23 செப்டம்பர் 1961-ல், என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி சனிக்கிழமை இரவுப் படங்களைத் தொடங்கியது. முதல் படம் 'ஹவ் டு மேரி எ மில்லியனர்', அதுவும் சினிமாஸ்கோப். மர்லின் மன்றோ, பெட்டி கிரேபிள், லாரன் பகால் மூவரும் திரையின் இந்த முனை முதல் அந்த முனை வரை பரவி நிற்கும் படம். 2.55-ஐ 4:3-க்குள் அடக்கினால் பாதிக்குச் சற்றுக் குறைவான படம் போய்விடும். மூன்று பெண்களில் ஒன்றரைப் பேர் மிஞ்சுவார்கள்! முக்கியமான பாதியைத் தேடிப் பக்கவாட்டில் நகரும் இந்த முறைக்குப் 'பேன் அண்ட் ஸ்கேன்' என்று பெயர். பேசுகிற ஆள் திரையில் இல்லை என்று கேட்டீர்களே, அது இதுதான். கேமரா நகராத காட்சியில் படம் சட்டென்று பக்கவாட்டில் வழுக்கினாலோ, இருவர் பேசும் நீண்ட காட்சி காரணமின்றி மாறி மாறி வெட்டப்பட்டாலோ, அந்தப் பிரதியை மூடிவிட்டு வேறு தேடுங்கள். சினிமாஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேண்டும்.

1953, 54 மட்டும் தலைவலி பிடித்த ஆண்டுகள். 'ஷேன்' 1.37-க்காக எடுக்கப்பட்டு, அகலத்திரை மோகத்தில் 1.66-ஆக வெட்டித் திரையிடப்பட்டது. அதற்கு நேர்மாறாக, 1.85-க்காக எடுத்த படங்களை, அரங்கில் மேலும் கீழும் மறைத்துவிடும் பகுதியையும் சேர்த்து, டிவிக்காக முழுச் சட்டத்தோடு காட்டியதும் உண்டு. தலைக்கு மேல் காலி இடம் ஏராளமாக இருந்து, எப்போதாவது மைக்கும் எட்டிப் பார்த்தால், அது திறந்த சட்டம். இந்த ஒரு வகைக்கு மட்டும் ஸூம் பாவமில்லை.

ஓடும் நேரம் குறைவாக இருந்தால் உடனே வெட்டு என்று நினைக்க வேண்டாம். இந்தியாவும் இலங்கையும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் பயன்படுத்திய 'பால்' முறையில் நொடிக்கு 25 சட்டம். 24-ஐ அப்படியே 25-ஆக ஓட்டிவிடுவார்கள். மூல நேரத்தை 0.96-ஆல் பெருக்குங்கள். 102 நிமிட 'காசாபிளாங்கா' டிவிடியில் 98 நிமிடம் காட்டினால் எதுவும் வெட்டப்படவில்லை, வேகம்தான் கூடியிருக்கிறது. அதற்கும் குறைவாக இருந்தால் கத்தரி விழுந்திருக்கிறது. வேகம் கூடும்போது சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். சங்கீதக் காது உள்ளவர்கள் இசைப்படங்களைப் புளூ-ரேயில் பார்ப்பது நல்லது, அதில் 24 சட்டம் அப்படியே இருக்கும்.

'பென்-ஹர்' (1959), 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) போன்றவற்றில் தொடக்கத்தில் சில நிமிடம் இசைதான் ஒலிக்கும், கதை தொடங்காது. பழுதில்லை. அரங்கில் ஆட்கள் வந்து உட்காரும்வரை வாசிக்கும் முன்னிசை அது, ஓட்டிவிடாதீர்கள். 'பென்-ஹர்' 2.76 அகலம், ஆகவே 16:9 திரையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கறுப்பு. அதுவும் சரிதான்.

வண்ணத்தில் இரண்டு கோளாறுகள். மூன்று பட்டை டெக்னிகலர் கேமராவில் ஒரே காட்சி மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் பதிவாகும். 1935-ல் 'பெக்கி ஷார்ப்' இம்முறையில் வந்த முதல் முழுநீளப் படம். கறுப்பு வெள்ளை என்பதால் சாயம் வெளிறாது, ஆனால் மூன்றும் ஒரே அளவில் சுருங்காது. அதனால் பழைய பிரதிகளில் உருவங்களின் விளிம்பில் சிவப்பு, பச்சை நிழல் படியும். கணினியில் மூன்றையும் பொருத்திய புதிய பதிப்பில் அது இருக்காது. 1950-க்குப் பின் வந்த ஈஸ்ட்மென் கலர் மலிவு, ஒரே நெகட்டிவ் போதும். ஆனால் சாயமே வெளிறிப் பிரதி இளஞ்சிவப்பாகிவிடும், நம்மூர்ப் பழைய ஈஸ்ட்மென் கலர் பிரதிகளைப் போலவே. டிவியின் 'டின்ட்' அளவை நீங்கள் எவ்வளவு திருகினாலும் போன சாயம் வராது.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சாயம் பூசிய பிரதி கிடைத்தால் டிவியின் 'கலர்' அளவை 0-க்குக் கொண்டுவாருங்கள். முழு மூலமாகாது, பார்க்கும்படி இருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1986-ல் எம்ஜிஎம் நூலகத்தை வாங்கிப் பழைய படங்களுக்குச் சாயம் பூசி, இயக்குநர்களின் சாபத்தை வாங்கிக்கொண்ட டெட் டர்னர்தான், 1994-ல் அதே படங்களை விளம்பரமின்றி வெட்டின்றி காட்டும் டிசிஎம் சேனலையும் தொடங்கியவர். 90-களின் நடுவில் கார்ட்டூன் நெட்வொர்க் முடிந்ததும் அதே சேனலில் இரவு வந்த டிஎன்டி நினைவிருப்பவர்களுக்கு, அந்தப் படங்களும் இந்த நூலகத்தினுடையவை.

கடைசியாக எந்தப் பதிப்பு என்ற கேள்வி. 1934 நடுவில் தணிக்கை விதிகள் கண்டிப்பானபின், முந்தைய படங்களை மறுவெளியீடு செய்தபோது வெட்டினார்கள். 'கிங் காங்' (1933) 1938-ல் அப்படி வெட்டுப்பட்டது, 'பேபி ஃபேஸ்' (1933) படத்தின் வெட்டப்படாத வடிவம் 2004-ல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. ஆகவே 1930–34 படங்களுக்குப் புதிய பதிப்பையே தேடுங்கள். உரிமை காலாவதியான படங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 'சரேட்' (1963) முறையான காப்புரிமை அறிவிப்பு இல்லாமல் வெளியானதால் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்றானது. இருப்பதிலேயே மட்டமான பிரதிகள் உலவுவது இத்தகைய படங்களுக்குத்தான். தேடலில் முதலில் வருவதை எடுக்காமல், ஸ்டூடியோவோ ஆவணக் காப்பகமோ மீட்டெடுத்ததா என்று பாருங்கள்.

'டச் ஆஃப் ஈவில்' (1958) மூன்று வடிவங்களில் கிடைக்கிறது: வெளியான வடிவம், அதற்கு முந்தைய முன்னோட்ட வடிவம், இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் ஸ்டூடியோவுக்கு எழுதிய 58 பக்கக் குறிப்பை வைத்து 1998-ல் வால்டர் மர்ச் தொகுத்த வடிவம். அதன் அளவு 1.37-ஆ 1.85-ஆ என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 1998 வடிவத்தை 1.85-ல் முதலில் பாருங்கள். அதில் தொடக்கத்து நீண்ட ஷாட்டின் மேல் பெயர்ப்பட்டியல் ஓடாது, அந்த ஷாட்டில் ஓடும் காருக்குள் குண்டு இருப்பதை மறக்க முடியாது.