ஷாம்போர் ஒரு கோட்டையா, ஊரா?

இரண்டும்தான். பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் உள்ள ஷாம்போர், சுமார் நூறு பேர் வாழும் ஒரு கொம்யூன். கொம்யூன் என்றால் அந்நாட்டின் மிகச் சிறிய உள்ளாட்சி அமைப்பு. கவுன்சில் உண்டு, மேயர் உண்டு.

நூறு பேருக்கு ஒரு மேயரா? 1789 புரட்சியின்போது ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்டிருந்த பழைய ஊர்ப் பகுதிகள்தான் பெரும்பாலும் அப்படியே கொம்யூன்களாக மாறின. ஆள்தொகையை யாரும் பார்க்கவில்லை. அடுக்குமாடியில் ஒற்றை அறை வீட்டுக்கும் ஒரு கதவு எண், நான்கு அறை வீட்டுக்கும் ஒரு கதவு எண், அந்த மாதிரி. பாரிசும் ஒரு கொம்யூன்தான்!

சரி, கோட்டை? முதலாம் பிரான்சுவா மன்னர் 1519-ல் கட்டத் தொடங்கியது. காவலுக்காக அல்ல, வேட்டைக்கும் பகட்டுக்கும். நடுவில் ஒன்றையொன்று சுற்றி ஏறும் இரட்டைப் படிக்கட்டு. ஒருவர் ஏற, இன்னொருவர் இறங்கலாம். நடுத்தூணின் ஜன்னல் வழியே முகம் தெரியும், வழியில் மட்டும் சந்திக்கவே மாட்டார்கள். இவ்வளவு செய்தவர் அங்கே மொத்தமாகத் தங்கியது சில வாரங்களே. காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் மதில். 1930 முதல் எல்லாம் அரசுடைமை. ஊர்க்காரர்களும் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள்.

அப்புறம், கொம்யூன் என்றதும் சொத்தைப் பொதுவாக்கி ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் கூட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் நிர்வாகப் பெயர், அங்கே அவரவர் வீட்டில் அவரவர் சமையல்தான்.