குல்மார்க்கில் டிசம்பர் பனி: பனிச்சரிவு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: டிசம்பர் கடைசியில் பனிச்சறுக்குக்காக காஷ்மீரின் குல்மார்க் போகிறோம். இந்த முறை பனி குறைவாம். அப்படியானால் பனிச்சரிவு பயம் இல்லைதானே?

பதில்: இருக்கிறது. கொண்டோலா எனும் கேபிள் கார் உங்களை அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். அந்த உயரத்தில் எவ்வளவு பனி விழுந்தது என்பதைவிட, காற்று அதை எங்கே குவித்தது என்றுதான் பார்க்க வேண்டும். முகட்டின் ஒரு பக்கம் பாறை தெரியும், காற்று மறைவான மறுபக்கம் இடுப்பளவு பனி கிடக்கும். காற்றில் உருண்டு நொறுங்கிய துகள்கள் நெருக்கமாகப் படிந்து ஒரே பாளமாக இறுகிவிடும். இதுதான் விண்ட் ஸ்லாப்.

அடியில் இருப்பது இன்னும் மோசம். சீசன் தொடக்கத்தில் விழுந்த மெல்லிய பனியின் அடிப்பக்கம் தரைச்சூட்டில் இருக்கும், மேல்பக்கம் கடுங்குளிரில் இருக்கும். பனி எவ்வளவு மெல்லிசோ அவ்வளவுக்கு இந்த வேறுபாடு வேலை செய்யும். சில நாட்களில் அது சர்க்கரை மாதிரி ஒட்டாத குருணையாகிவிடும். அதன்மேல்தான் அந்தப் பாளம் உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: நான்கு நாளாகப் பனியே விழவில்லை, நல்ல வெயில். அப்போதுமா?

பதில்: காற்று அடித்ததா? முகட்டிலிருந்து பனி புகையாகப் பறந்தால், தெளிந்த வானத்தின் கீழேயே சில மணி நேரத்தில் புதுப்பாளம் உருவாகிவிடும்.

கேள்வி: முன்னால் பத்துப் பேர் போன தடம் இருந்தால் நம்பலாமா?

பதில்: வேண்டாம். கெட்டியான பாளம் பலரைத் தாங்கிவிட்டு, விளிம்பில் அது மெலிந்த இடத்தை யாராவது மிதிக்கும்போது உடையும். காலடியில் ‘வூம்ப்’ என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டாலோ, விரிசல் ஓடினாலோ உடனே திரும்பிவிடுங்கள். 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகள்தான் பெரும்பாலும் சரிகின்றன. அளக்க போன் செயலி போதும்.

கேள்வி: அக்டோபரில்கூட நடக்குமா?

பதில்: நடந்திருக்கிறது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா-2 சிகரத்தில் மலையேற்றப் பயிற்சிக் குழு ஒன்று பனிச்சரிவில் சிக்கியது. பயிற்சி பெற்றவர்கள், பயிற்சியாளர்களோடு போனவர்கள். நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது.

கேள்வி: பனிச்சரிவில் ஊதிப் பெருகி ஆளை மேலே மிதக்க வைக்கும் ஏர்பேக் பை வாங்கலாமா?

பதில்: முதலில் டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சிக்னல் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு வேகமாகச் சரியும். வெளியிலிருந்து உதவி வருவதற்குள் கூட வந்தவர்தான் தோண்டி எடுக்க வேண்டும். அப்புறம், சீசன் தொடக்கத்தில் பாறைகள் மூடியிருக்காது. சின்னப் பனிச்சரிவு இழுத்துப்போனாலே எலும்பு முறியும், அதற்கு ஏர்பேக் உதவாது.